வெடித்த பழத்துக்கு எவ்வளவு சீனி?

வெள்ளரிப்பழம் முற்றிப் பழுத்தால் தோல் நெடுகப் பிளந்து, மாவு மாவான வெண்சதை வெளியே தெரியும். உதிர்ந்துவிடாமல் இருக்க ஓலையோ வாழைச்சருகோ சுற்றிக் கட்டி விற்பார்கள். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இந்தக் கட்டு ஒன்றுதான். காலமும் பக்குவமும் வேறு.

தமிழ்நாட்டில் பங்குனி, சித்திரையில் நெடுஞ்சாலையோரம் குவியும் பழம், கத்திரி வெயில் முடிந்ததும் குறைந்துவிடும். மட்டக்களப்புப் பக்கம் வைகாசி முதல் ஆடி வரை கச்சான் காற்றின் வெக்கை விடாது. வெள்ளரிப்பழத்தையும் வத்தகப்பழத்தையும் (தர்பூசணி) மக்கள் தேடுவதும் அதுவரை நிற்காது.

தமிழ்நாட்டு வியாபாரி பழத்தோடு நாட்டுச்சர்க்கரையும் விற்பார். பிய்த்துத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். இலங்கையில் சதையை வழித்தெடுத்து, சீனி போட்டு மசித்துக் கிண்ணத்தில் வைப்பார்கள். சில வீடுகளில் பனங்கட்டி. சில வீடுகளில் தேங்காய்ப்பாலும் சேரும். இந்தப் பக்குவத்துக்கு இந்தியாவில் நெருங்கிய உறவு கேரளத்தின் கொடுங்கல்லூர். புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்ப் பொட்டுவெள்ளரியை அங்கும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கிறார்கள்.

இப்படி எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பழத்தின் பலன் தங்கியிருக்கிறது. வெள்ளரிப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். இனிப்பு மிகக் குறைவு. ஒரு தேக்கரண்டிச் சீனியில் சுமார் 20 கலோரி. மூன்று கரண்டி போட்டால் 60. அதுவே 100 கிராம் தர்பூசணி மொத்தமாகத் தரும் 30 கலோரியைப் போல இரு மடங்கு! பனங்கட்டியும் நாட்டுச்சர்க்கரையும் உடம்புக்கு நல்லவை என்ற நம்பிக்கை இரு நாட்டிலும் உண்டு. நீரிழிவு உள்ளவருக்கு அவையும் சீனிதான். தேங்காய்ப்பாலின் கொழுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நன்றாகப் பழுத்ததை வாங்கி, ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

சத்து என்று பார்த்தால் கிர்ணிப்பழம் முந்துகிறது. அதன் செம்மஞ்சள் சதையில் 100 கிராமுக்கு 37 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி, 267 மில்லிகிராம் பொட்டாசியம். தர்பூசணிக்கு அதன் சிவப்பைத் தரும் லைக்கோபீன் தனிச் சிறப்பு. சென்னை ஜூஸ் கடையில் கிர்ணியோடு பாலும் சர்க்கரையும் ஐஸும் சேர்ந்து அடிபடும்போது, கோப்பையில் மேலோங்குவது சர்க்கரைதான்.

பொட்டாசியம் எல்லோருக்கும் நன்மை செய்வதில்லை. சிறுநீரக நோய் முற்றியவர்கள் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். விவசாயிகளிடையே அந்த நோய் பரவியுள்ள அநுராதபுரம் பகுதியில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கு வீதியோரத்தில் வத்தகப்பழம் தாராளமாகக் கிடைக்கிறது. நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

விதையில் தமிழ்நாட்டுப் பழக்கம் ஒரு படி மேல். தோல் நீக்கிய வெள்ளரி விதையை நாட்டுமருந்துக் கடையில் வாங்கி அல்வாவிலும் இனிப்புகளிலும் தூவுகிறார்கள். இலங்கையில் அது பெரும்பாலும் அடுத்த விதைப்புக்கு, இல்லையென்றால் குப்பைக்கு. உலர்ந்த தர்பூசணிப் பருப்பு 100 கிராமில் 28 கிராம் புரதம் இருக்கிறது. கழுவி, வெயிலில் காய வைத்து, வறுத்து உடைத்தால் பிள்ளைகளுக்கு மாலை நேரத்துக் கொறிப்பாகும்.