தங்கப் பந்துக்குப் பின் ஒரு கல்லூரித் திடல்

பெண்கள் காற்பந்து உலகக் கிண்ணத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் தங்கப் பந்தை வென்றது யார் என்று கேட்டுப் பாருங்கள். மியா ஹாம் என்பார்கள், மிஷெல் ஏக்கர்ஸ் என்பார்கள். இருவரும் இல்லை. அது கேரின் ஜென்னிங்ஸ்; திருமணத்துக்குப் பின் கேரின் கபாரா. பெரிய கிளப், தொலைக்காட்சி வர்ணனை என்று அவர் போகவில்லை. 1993இல் அனாப்பொலிஸ் நகரிலுள்ள அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பெண்கள் அணிக்குப் பயிற்றுநராகச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே காலூன்றிவிட்டார்.

முதலில் ஆட்டக்காரரைப் பார்ப்போம். 1991 நவம்பரில் சீனாவின் குவாங்டோங்கில் நடந்த அந்தப் போட்டிக்கு உலகக் கிண்ணம் என்று பெயர் வைக்கவே ஃபிஃபா தயங்கியது. ஆட்ட நேரமும் 80 நிமிடம்தான். அமெரிக்கப் பயிற்றுநர் அன்சன் டோரன்ஸ் 3-4-3 வியூகம் வகுத்து, முன்வரிசையில் ஏக்கர்ஸ், ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், ஜென்னிங்ஸ் மூவரையும் நிறுத்தினார். சுவீடனை 3-2 என வென்ற முதல் ஆட்டத்தில் ஜென்னிங்ஸுக்கு இரண்டு கோல். அரையிறுதியில் எதிரே நின்றது அவ்வாண்டின் ஐரோப்பிய வெற்றியாளர் ஜெர்மனி. 10, 22, 33ஆம் நிமிடங்களில் மூன்று கோல் அடித்து, இடைவேளைக்கு முன்பே ஆட்டத்தின் போக்கை அவர் முடிவு செய்துவிட்டார். அமெரிக்கா 5-2 என வென்றது.

இறுதியாட்டத்தில் நார்வேயை வீழ்த்திய இரண்டு கோலும் ஏக்கர்ஸ் அடித்தவை. மொத்தம் 10 கோலுடன் தங்கக் காலணி அவருக்குப் போனது. ஆறு கோல் அடித்த ஜென்னிங்ஸுக்குத் தங்கப் பந்து. அது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: அந்தப் பத்தில் ஐந்து, 7-0 என முடிந்த தைவான் ஆட்டத்தில் வந்தவை. கடினமான ஆட்டத்தில் கதவைத் திறந்தவருக்கே பரிசு போனது. என் ஓட்டும் அவருக்குத்தான்.

அவருக்கு 'கிரேஸி லெக்ஸ்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. தற்காப்பு ஆட்டக்காரரைச் சுற்றிக்கொண்டு போக மாட்டார். நேரே அவரை நோக்கியே ஓடி, உடலை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிப் பந்தை மறுபக்கம் வெட்டிவிடுவார். இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் பயிற்றுநராகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தமக்கு இயல்பாக வந்தது மாணவிக்கு ஏன் வரவில்லை என்று எரிச்சல்படுவார்கள்.

கடற்படை அகாடமியில் எரிச்சல்பட்டால் வேலை நடக்காது. அங்கே எல்லா மாணவருக்கும் படிப்பு இலவசம் என்பதால், விளையாட்டு உபகாரச் சம்பளம் காட்டி யாரையும் இழுக்க முடியாது. பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்தாண்டு ராணுவப் பணி கட்டாயம். மற்றக் கல்லூரிப் பெண்கள் கோடையில் கிளப்புக்கு ஆடும்போது இவருடைய ஆட்டக்காரர்கள் கப்பலில் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். இத்தனைக்கும் நடுவே 300க்கும் மேற்பட்ட வெற்றிகள், பேட்ரியாட் லீக் பட்டங்கள், என்சிஏஏ தேசியக் கல்லூரிப் போட்டி வாய்ப்புகள். தங்கப் பந்தைவிட இதுதான் அரிய சாதனை என்பேன்.

பயிற்றுநர் வேலையில் இருந்துகொண்டே அவர் 1995 உலகக் கிண்ணத்தில் ஆடி வெண்கலமும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றார். 117 அனைத்துலக ஆட்டங்கள், 53 கோல்களுடன் விடைபெற்றார். அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக்கே இல்லாத காலம் அது. கல்லூரி வேலை இருந்ததால்தான் ஆட்டமும் நிலைத்தது. 1972இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம் கல்லூரிகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கியது. அணிகள் பெருகின, அவற்றுக்குப் பயிற்றுநர்கள் தேவைப்பட்டார்கள். ஹைன்ரிக்ஸும் மேரிலாந்து, வர்ஜீனியா பல்கலைக்கழகங்களில் பயிற்றுவித்த பிறகே தேசிய அணியின் பொறுப்புக்கு வந்தார்.

இப்போது நம் மலேசியா பக்கம். போர்ட் கிள்ளானில் காற்பந்துப் பேச்சு எடுத்தால் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தில் தொடங்கி மொக்தார் டஹாரியில் முடியும். பெண்கள் பெயர் ஒன்றுகூட வராது. ஆனால் மலேசியப் பெண்கள் 1975 ஆசியக் கிண்ணப் போட்டியில் நான்காம் இடம் பிடித்தவர்கள். 1983இல் பேங்காக்கில் மூன்றாம் இடம். 1995 சீ விளையாட்டில் வெள்ளி. துன் ஷரிபா ரொட்சியா கிண்ணத்தில் மாநிலத்துக்கு ஆடிய பெண்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். பூட்ஸைக் கழற்றிய பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? 2023இல் தேசிய அணிக்குப் பெண் பயிற்றுநர் தேவைப்பட்டபோது ஜோர்டானிலிருந்து சோலீன் அல்-ஸூபியை அழைத்து வந்தோம். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலிக்கு உள்ளூரில் ஆள் வளர்க்காதது யார் குற்றம் என்பதே கேள்வி.

தமிழ்ப்பள்ளித் திடலில் பந்து உதைக்கும் சிறுமி, பதினேழு வயதில் படிப்பா ஆட்டமா என்று நிற்கிறாள். வீட்டில் பதில் தயாராக இருக்கும்: "பந்து சோறு போடுமா?" பெற்றோரைக் கோபித்துப் பயனில்லை; சோறு போடும் வேலை ஒன்றை நாம் காட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் எத்தனை பல்கலைக்கழகங்கள்! ஒவ்வொன்றும் ஒரு பெண்கள் அணி அமைத்து, தேசிய அணிக்கு ஆடிய ஒரு பெண்ணை மாதச் சம்பளத்துடன் முழுநேரப் பயிற்றுநராக அமர்த்தட்டும். உயர்கல்வி அமைச்சு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.