'பிற' என்னும் சொல்லின் எல்லை: வணிக அறக்கல்வியில் திருக்குறளும் சேலம் நாமக்கல் சமவெளியும்

திறவுச்சொற்கள்: வணிக அறம், திருக்குறள், பட்டினப்பாலை, நிழல் முற்றம், ஜவ்வரிசித் தொழில், நிலத்தடி நீர்

வணிகவியல், மேலாண்மையியல் துறைகளில் வணிக அறம் ஒரு தாளாகவோ தாளின் ஓர் அலகாகவோ இன்று கற்பிக்கப்படுகிறது. தமிழகத்தில் அப்பாடத்தை ஒட்டி எழுதப்படும் கட்டுரைகளில் வாணிகம் பற்றிய 120ஆம் குறள் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. எடுத்தாளப்படும் முறைதான் ஆராயத்தக்கது. முகப்பில் மேற்கோளாக நிற்கும் குறள், என்ரான் (2001), சத்யம் (2009), ஃபோக்ஸ்வாகன் (2015) ஆகிய முறைகேடுகள் விளக்கப்படும் இடத்தில் காணாமற்போய்விடுகிறது. வாழ்த்துப்பாவின் இடத்தில் வைக்கப்பட்ட நூலுக்கு ஆய்வுக் கருவியாகும் வாய்ப்பு இல்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மேலாண்மை பயிலும் மாணவருக்கு ஜவ்வரிசி ஆலையும் கோழிப்பண்ணையும் ரிக் வண்டியும் கண்முன் உள்ளவை. அவற்றின்மீது இக்குறளைப் பொருத்திப் பார்த்தால் அதன் ஆற்றல் எவ்வளவு, அது எங்கே நின்றுவிடுகிறது என்னும் இரண்டும் புலப்படும்.

சொல்லும் வைப்புமுறையும்

இக்குறள் பொருட்பாலில், பொருள்செயல்வகை அதிகாரத்தில் (76) அமையவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தின் (12) இறுதிக் குறளாக நிற்கிறது. அதற்கு இரண்டு குறள்களுக்கு முன்னர்த் துலாக்கோல் உவமை வருகிறது. எனவே வள்ளுவர் வணிகனைப் பொருளீட்டுபவனாக நோக்குவதற்கு முன்பே, தீர்ப்புக் கூறும் இடத்தில் இருப்பவனாக நோக்குகிறார் எனலாம். இந்த வைப்புமுறையை வணிக அறக் கட்டுரைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

குறளில் வரும் 'பிற', 'தம' என்னும் சொற்கள் இரண்டும் அஃறிணைப் பன்மை. பிறருக்கு உரிய பொருள்களையும் தமக்கு உரிய பொருள்களைப் போலப் பேண வேண்டும் என்பது கருத்து. கொள்ளும்போது மிகுதியும் கொடுக்கும்போது குறைவும் நேராமல் ஒப்ப நோக்குதல் எனப் பரிமேலழகர் இதனை விளக்குகிறார். உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்தில் இதே கருத்தும் இதே இரு சொற்களும் முன்னரே பயின்றுவருகின்றன. அங்கே வணிகரின் நெஞ்சுக்கு உவமையாவது நுகத்தின் நடுவே நிற்கும் பகலாணி. துலாக்கோலும் நுகமும் இருபுறம் கொண்டவை. இரண்டிலும் மூன்றாம் புறம் இல்லை.

ஜவ்வரிசி ஆலையில் இக்குறளைப் படித்தல்

சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் 1940களில் தொடங்கியது. உற்பத்தியாளருக்கான கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் 1981இல் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழங்கின் விலை எடையால் மட்டும் முடிவதில்லை. மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' கணக்கில் அளந்து, அதன்படி விலை கூறுவது வழக்கம். அளக்கும் கருவி வாங்குபவரின் கையில் உள்ளது. புள்ளி குறைத்துக் காட்டப்படுகிறது என்பது உழவரின் நெடுநாள் முறையீடு. விற்கும் இடத்தில் மக்காச்சோள மாவு கலத்தலும் வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்த்தலும் தொடர்ந்து பேசப்படும் குற்றச்சாட்டுகள். முன்னது கொள்ளுமிடத்து மிகை, பின்னது கொடுக்குமிடத்துக் குறை. பரிமேலழகர் உரையின் இரு பகுதிகளும் ஓர் ஆலையின் இரு வாயில்களில் நிற்பதைப் போன்றது இது. வகுப்பறைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றில் தேட வேண்டியதில்லை.

ஆலைக் கழிவுநீரைப் பற்றிய கேள்வியிலும் குறள் பயன்படவே செய்கிறது. கிழங்கைக் கழுவி அரைத்து, மாவுப்பாலைத் தெளியவைத்து வெளியேற்றும் நீரில் கரிமப்பொருள் மிகுதி; அது தேங்கினால் புளித்து நாறும், நிலத்தில் இறங்கினால் அண்டைக் கிணற்றைக் கெடுக்கும். அண்டை உழவரின் கிணறு 'பிற' என்பதற்குள் நேரடியாக அடங்கும். அவர் விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர். எனினும் அவருடைய பொருள் ஆலையின் கணக்குக்குள் வந்துவிடுகிறது. பரிமேலழகர் கொள்வோர் கொடுப்போர் இருவருக்குள் சுருக்கிய சொல்லை, மூலத்தின் இலக்கணம் அப்படிச் சுருக்கவில்லை. ஆகவே 'நீடித்த வளர்ச்சி' என்னும் புதிய கலைச்சொல்லைக் குறளின்மேல் ஏற்றிக் கூறாமலேயே இப்பொருளைப் பெற முடிகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களை இவ்வட்டாரத்து ஆலைகள் சில நிறுவியுள்ளன. திப்பி கால்நடைத் தீவனமாகிறது. இவற்றைச் செலவுக் குறைப்பாக மட்டும் கற்பிப்பதா, பிறர் பொருளைப் பேணுதலாகவும் கற்பிப்பதா என்பது ஆசிரியர் முன்னுள்ள தேர்வு.

குறள் நின்றுவிடும் இடங்கள்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்கின்றன. நிலத்தடி நீர் நிலவுடைமையோடு சேர்ந்தது என்பதே 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் வழிவந்த நிலை. ஆனால் மண்ணுக்கடியில் வரப்பு இல்லை. ஒருவர் 'தம' என்று இறைக்கும் நீர், அதே வேளையில் 'பிற' ஆகவும் இருக்கிறது. மேலும், பிறர் பொருளைத் தம் பொருளைப் போலப் பேணுக என்னும் அறிவுரை, மனிதர் தம் பொருளைப் பேணுவர் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது. அண்டையார் ஆழப்படுத்துமுன் தாம் ஆழப்படுத்திவிட வேண்டும் என்று தம் கிணற்றையே வற்றடிப்பவரிடம் அந்த ஒப்புமை செயலற்றுப் போகிறது. திருமணிமுத்தாறு யாருக்கும் தனியுடைமை அன்று. அது 'தம'வும் அன்று, 'பிற'வும் அன்று. இங்கே குறளை வலிந்து நீட்டுவதைவிட, அதன் எல்லையை மாணவருக்குக் காட்டுவதே நூலுக்குச் செய்யும் மரியாதை.

மற்றோர் எல்லை திணை பற்றியது. அஃறிணைச் சொல்லுக்குள் பொருள்கள் அடங்கும், உழைப்பவர் அடங்கமாட்டார். இந்த இடத்தில்தான் பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' (1993) வணிக அறப் பாடத்துக்கு உரிய நூலாகிறது. சிறுநகரத் திரையரங்கு ஒன்றில் சோடா விற்றுப் பிழைக்கும் சிறுவர்களின் வாழ்க்கை இந்நாவல். விற்கும் இடமே அவர்கள் உறங்கும் இடமும் ஆகிறது. வேலை நேரம் எங்கே முடிகிறது என்று சொல்ல இயலாது. அளவிலும் எடையிலும் யாரும் ஏமாற்றாத கடையிலும் இந்நிலை நீடிக்கக்கூடும் என்பதே நாவல் எழுப்பும் சிக்கல். பரிமேலழகரின் அளவுகோலால் அக்கடையில் குற்றம் காண முடியாது.

சட்டத்தின் பார்வையும் இங்கே எட்டுவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனங்களையே சமூகப் பொறுப்புச் செலவுக்கு உட்படுத்துகிறது. பாடநூல்கள் இப்பிரிவுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றன; சோடாக்கடைக்கோ சிறு ஆலைக்கோ ஒரு பத்தியும் இல்லை.

நாவலாசிரியரின் தந்தை திரையரங்கில் சோடாக்கடை நடத்தியவர். பின்னாளில் வெளிவந்த 'நிழல்முற்றத்து நினைவுகள்' அவ்வுலகை உள்ளிருந்து விவரிக்கிறது. முதலாளி என்னும் சொல் பெருநிறுவனத்தையே நினைவூட்டும் வகுப்பறையில், தானும் வறுமைக்கு அருகில் நிற்கும் சிறுகடைக்காரரும் அவரிடம் வேலை செய்யும் சிறுவனும் எதிரெதிர் நிற்கும் நிலையை விவாதிக்க வேண்டியுள்ளது. துலாக்கோலின் இரு தட்டுகளிலும் இல்லாத அச்சிறுவனுக்கு எந்த அளவுகோலைக் கொண்டு கூலி வரையறுப்பது என்னும் வினாவுக்குக் குறள் வகுப்பும் சட்ட வகுப்பும் இதுவரை விடை தேடவில்லை.