பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வாயில்

பிரிந்தவர் மீண்டும் கூடும் கதைகளுக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக் கடைகளில் தொங்கும் மாத நாவல்கள் சிலவற்றைப் புரட்டினால் போதும். கணவனும் மனைவியும் ஏதோ ஓர் ஐயத்தால் பிரிவர். சில ஆண்டுகள் கழித்து மணவீட்டிலோ மருத்துவமனையிலோ எதிர்ப்படுவர். இறுதி அத்தியாயத்தில் கண்ணீர் பெருகும், ஐயம் அகலும், கதை சுபமாய் முடியும். என் வீட்டுப் பெண்மக்கள் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர். நானும் மறைவாகச் சிலவற்றைப் படித்ததுண்டு, அதில் இழிவொன்றுமில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் நூலை மூடிய பின்னர் ஒரு வினா உள்ளத்தில் எஞ்சி நிற்கும். திரும்பி வந்தவனை ஏற்பாயா, மறுப்பாயா என்று அந்தப் பெண்ணை எவரேனும் கேட்டார்களா?

இக்குறை இன்றைய நாவலாசிரியர்களோடு தோன்றியதன்று. மாதவியைப் பிரிந்து இல்லம் மீண்ட கோவலனுக்குக் கண்ணகி கடிந்து ஒரு சொல்லும் கூறாமல் தன் சிலம்பைத் தர முன்வருகிறாள். இருவரும் மதுரைக்குப் புறப்படுகின்றனர். காடுகாண் காதையில் அவர்களுக்கு வழி உரைக்கப்படும் இடத்தில் எங்கள் சிறுமலையும் பேசப்படுகிறது. அம்மலையை நாள்தோறும் காண்கின்ற எனக்கு, அந்த மௌனப் பயணம் அண்டை வீட்டில் நடந்தது போலவே தோன்றும். கண்ணகியின் பொறையை நாம் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆனால் கோவலனும் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அரபு இலக்கியம் கற்றோர் கைஸ் இப்னு தரீஹ், லுப்னா ஆகியோரின் காதலை அறிவர். குழந்தையில்லை என்ற காரணத்தால் பெற்றோர் வற்புறுத்த, கைஸ் தன் அன்பு மனைவியை விலக்கிவிட்டு, பின்னர் வாழ்நாளெல்லாம் அவளை எண்ணிப் பாடித் திரிந்தார். அவர்கள் மீண்டும் சேர்ந்தனர் என்போரும் உளர். சேராமலே மாண்டனர் என்போரும் உளர். எவ்வாறாயினும் அக்கதையில் நாம் செவியுறுவது கைஸின் புலம்பலையே.

ஆனால் ஹதீஸ் நூல்களைத் திறந்தால் அங்கே பெண்ணின் குரல் கேட்கிறது. அடிமைத்தளை நீங்கிய பரீரா (ரலி) அவர்கள், அடிமையாகவே இருந்த கணவர் முகீஸைப் பிரிய முடிவு செய்தார்கள். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனத்துத் தெருக்களில் அவர்கள் பின்னே திரிந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் இரங்கி, அவரிடம் திரும்பிச் செல்லலாகாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என வினவினார் அம்மாது. இல்லை, பரிந்துரையே என்றார்கள் பெருமானார் (ஸல்). அவ்வாறாயின் எனக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அத்துடன் பேச்சு முடிந்தது. இறைத்தூதரின் பரிந்துரையை ஏற்காத அப்பெண்ணை எவரும் பழிக்கவில்லை.

இதன் மறுபுறத்தை மஅகில் இப்னு யஸார் (ரலி) அவர்களின் வரலாற்றில் காணலாம். அவர்தம் சகோதரியைக் கணவர் தலாக் கூறினார், இத்தாவும் கழிந்தது. பின்னர் அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். பெண்ணுக்கும் விருப்பமே. ஆனால் மஅகில், உனக்குக் கொடுத்துப் பெருமைப்படுத்தியும் விலக்கிவிட்டாயே என்று சினந்து, ஒருபோதும் தரமாட்டேன் எனச் சத்தியம் செய்தார். அப்போதுதான் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆம் வசனம் இறங்கியது. இருவரும் முறைப்படி மனம் ஒப்பினால் அப்பெண்களைத் தடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. மஅகில் உடனே பணிந்து, தங்கையை அவருக்கே மீண்டும் மணம் செய்து வைத்தார்.

வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் ஆகப் பெண்ணுக்கு இரு வாயில்களைத் திறந்து வைத்த மார்க்கம் இது. அவ்வாயில்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பதைக் காட்டும் நாவல் ஒன்றை அண்மையில் படித்தேன். நத்தத்திற்கு அப்பாலுள்ள துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா எழுதி, 2004இல் வெளிவந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்பது அது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2009இல் வந்தது. இத்தனை காலம் அதை ஒதுக்கி வைத்திருந்தேன். படியாமலே குறை கூறியவர்களுள் நானும் ஒருவன்.

அதில் வரும் ஃபிர்தவ்ஸ், கட்டிவைக்கப்பட்ட கணவனோடு வாழமாட்டேன் என மறுத்து, விலக்குப் பெற்றுத் தாய்வீடு திரும்புகிறாள். இளம் பெண், அழகி. மறுமணத்திற்கு மார்க்கத்தில் தடையேதுமில்லை. ஆயினும் அவளுக்கு இன்னொரு வாழ்வு உண்டென்று அவ்வீட்டார் கருதவில்லை. அடைபட்ட அவள் உள்ளம் பிற சமயத்தவனான சிவாவிடம் செல்கிறது. அது வெளிப்பட்டதும் பெற்ற தாயே அவளை நஞ்சருந்த வைக்கிறாள். நிக்காஹ் இல்லாத அவ்வுறவை நான் ஒப்பவில்லை. ஆனால் அந்த நஞ்சை எந்த சரீஅத் அனுமதித்தது?

நூலின் சில பகுதிகள் நம் குடும்பங்களுக்குக் கூச்சம் தருவன. அதை மறைக்க வேண்டியதில்லை. அதன் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆசிரியர் எவரையும் மேடையேறிப் பேச விடவில்லை. ராபியா என்னும் சிறுமியின் கண்கள் அடுக்களையையும் முற்றத்தையும் பார்க்கின்றன. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் நாம் அறிந்துகொள்கிறோம். அந்தத் தாயைக் கூட அரக்கியாக்காமல், ஊரின் நாவுக்கு அஞ்சிய பெண்ணாகவே காட்டியிருப்பது நுண்ணிய கலை.

படித்து முடித்ததும் ஒரு குறை கூற எண்ணினேன். இத்தனை முஸ்லிம்கள் நடமாடும் கதையில், பரீராவையும் மஅகிலையும் நினைவூட்ட ஓர் ஆலிம்கூட இல்லையே, இது நடுநிலையா என்று எழுதத் தொடங்கினேன். அப்போது பழைய நிகழ்ச்சி ஒன்று நெஞ்சில் வந்து பேனாவை நிறுத்தியது.

எங்கள் பக்கத்து ஊரொன்றில் ஒரே தலாக்குடன் பிரிந்த தம்பதியர். இத்தா கழிந்து ஓராண்டுக்குப் பின், புதிய மஹருடன் மீண்டும் நிக்காஹ் செய்ய அவன் வந்தான். மகளுக்கு விருப்பமென்று தாயார் திரை மறைவிலிருந்து சொல்லியனுப்பினார். தமையனோ, “நம்ம வீடு என்ன சத்திரமா, ஹஜரத்? நெனச்சா போகவும் நெனச்சா வரவும்?” என்றான். அவன் ஊரில் செல்வாக்குடையவன். மஅகிலின் ஹதீஸைப் பல்லாண்டு பாடம் நடத்திய நான் அவ்வமர்வில் தேநீரைக் குடித்துவிட்டு மௌனமாக எழுந்து வந்தேன். அந்தப் பெண் இன்றும் தமையன் வீட்டில்தான் இருக்கிறாள், தையல் தைக்கிறாள்.

ஆகவே, சல்மாவின் நாவலில் ஆலிம் வாய் திறவாதது பிழையன்று. உள்ளதை உள்ளவாறு கூறியதே. மாத நாவல்கள் இரண்டாம் வாழ்வை எளிதில் வழங்கிவிடுகின்றன. இந்நூல் அதை வழங்க மறுத்து, வழங்காதவர் யார் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமிதம் கொண்டோம். பூட்டு நல்லதுதான், வீட்டைக் காக்கும். ஆனால் அல்லாஹ் திறந்து வைத்த வாயிலில் அதைத் தொங்கவிட நமக்கு உரிமையில்லை. வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய பெண்ணொருத்தி இருப்பாளாயின், அவளுக்காக முடிவெடுக்கும் முன் அவளையே ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.