வளைகோட்டில் ஏரி இல்லை

பொருளாதார வகுப்பில் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டுவாங்க, கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. ஏழை நாடு வளர வளர மாசு கூடும். வருமானம் ஓர் அளவைத் தாண்டியதும் குறையத் தொடங்கும். சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் சொன்னது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி. 1991இல் கிராஸ்மனும் க்ரூகரும் எழுதிய ஆய்வுக்குப் பிறகு சுற்றுச்சூழலுக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆட்சியாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட கதை எளிமையானது: முதல்ல வளருவோம், அப்புறம் சுத்தம் பண்ணிக்கலாம்.

அந்த ஆய்வின் வலுவான சான்று நகரக் காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடும் புகையும். புகைபோக்கியில் வடிகட்டி மாட்டினால் காற்று தெளியும், சரிதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் விஷயமே வேற.

இது ஏரிகளின் பூமி. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தில் சேரும். சென்னை அதைக் குடிக்கும். மிஞ்சினால் அடையாற்றில் போகும். இந்த நீர்ப்பிடிப்புக்குள்தான் சிப்காட் மனைகள் வந்தன. இங்கே ஏரியைக் கெடுக்க அதை மூடணும்னு இல்லை. வரத்துக்கால் மேல ஒரு சாலை, மேட்டு நிலத்தில் ஒரு கிடங்கு போதும்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. பெருமழைக்கும் வறட்சிக்கும் ஆலைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனா இரண்டையும் தாங்கிக்கொள்ளத்தான் இந்த ஏரிச் சங்கிலியை வெட்டினார்கள்.

வேலை வேண்டாம்னு இங்கே யாரும் சொல்லல. நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது. பல ஆயிரம் பேரின் வேலை போச்சு. காலிக் கட்டடத்துக்குப் பிறகு வேறொரு கம்பெனி வந்தது. தூர்ந்த கால்வாய்க்கு அப்படி யாரும் வரமாட்டாங்க.

வளைகோடு கேட்பதெல்லாம் ‘எப்போது சுத்தம் செய்யலாம்’ என்றுதான். ஏரி கேட்பது ‘எங்கே கட்டப்போறே’ என்று. அதற்குப் பதில் மனை பிரிக்கும் முன்பே வரணும்: வரத்துக்கால், கலங்கல், தாங்கல் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து, அவற்றைத் தொடாத இடத்துக்கு மட்டும் நிலமும் வரிச்சலுகையும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022இலிருந்து ஏகனாபுரத்து மக்கள் போராடுவதும் இந்த ‘எங்கே’க்காகத்தான். அவங்களை வளர்ச்சிக்கு எதிரிகள்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்.