பூஜ்ஜியமாகும் அந்த எண்

மெயின் முடியப்போகும் இடத்தில் ஒரு ஃபார் சுழல், அதற்குள் பீத்ரெட்_ஜாயின். சி மொழியில் இதைவிட அழகான முடிவு எனக்குத் தெரியாது.

ஒரு த்ரெட் முடியும்வரை லினக்ஸில் அது காத்திருக்கும் விதமே தனி. த்ரெட் பிறக்கும்போதே, அதன் எண் இருக்கும் முகவரியை சி நூலகமான ஜிலிப்ஸி கெர்னலிடம் சொல்லிவைக்கிறது. த்ரெட் மறையும்போது கெர்னல் அந்த இடத்தில் பூஜ்ஜியத்தை எழுதி, அங்கே ஃபியூடெக்ஸில் தூங்கும் ஜாயினைத் தட்டி எழுப்புகிறது. த்ரெட் முன்பே முடிந்திருந்தால் தூக்கமும் இல்லை. பூஜ்ஜியத்தைக் கண்டதும் ஜாயின் திரும்பிவிடும்.

அந்தப் பூஜ்ஜியத்தை எழுதுவது த்ரெட் அல்ல, கெர்னல். என்னை மயக்குவது இதுதான். ஒரு கவுன்ட்டரும் கண்டிஷன் வேரியபிளும் போதும் என்பார்கள். வேலை முடிந்ததை அறிய அவை போதும்தான். ஆனால் கவுன்ட்டரைக் குறைக்கும் கணத்தில் அந்த த்ரெட் இன்னும் தன் ஸ்டாக்கின் மேல்தான் நிற்கிறது. ‘போய்வருகிறேன்’ என்று வாசலில் நின்று சொல்பவர் இன்னும் வீட்டில்தானே இருக்கிறார்! அவர் போய்விட்டதை வேறொருவர்தான் சொல்ல வேண்டும்.

லினக்ஸின் பழைய த்ரெட் நூலகமான லினக்ஸ்த்ரெட்ஸில் இறந்த த்ரெட்டுகளைக் கவனிக்கவே தனியாக ஒரு மேனேஜர் த்ரெட் இருந்தது. உல்ரிச் ட்ரெப்பரும் இங்கோ மோல்னரும் உருவாக்கிய என்பிடிஎல் அந்த இடைத்தரகரை நீக்கியது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் அதற்குத் தோள்கொடுத்தது.

யார் முதலில் முடித்தாலும் எழுப்பும் வசதி சோலாரிஸின் டிஎச்ஆர்_ஜாயினில் இருந்தது, போசிக்ஸில் இல்லையே என்று சிலருக்குக் குறை. எல்லோரும் வந்தாக வேண்டும் என்றால் வரிசை எதற்கு? கடைசியாக வருபவருக்காக எப்படியும் காத்திருக்கத்தான் போகிறோம்.

இன்று பார்க்கும் நிரல்களில் ஜாயினின் இரண்டாவது இடத்தில் எப்போதும் நல். த்ரெட் கொண்டுவந்த விடையைக் கையில் வாங்கக்கூட ஆளில்லை. பிழை எண்ணை ஜாயின் நேராகத் திருப்பித் தருகிறது. அதை விட்டுவிட்டு எர்நோவில் தேடுகிறார்கள். உருவாக்குவதையும் ஜாயினையும் ஒரே சுழலில் போட்டு, நான்கு த்ரெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த ஒரு நிரல் மெயினின் கடைசியில் ஸ்லீப் 10 என்று நின்றது. சுமை ஏறிய இரவுகளில் வெளியீட்டுக் கோப்பு பாதியில் அறுந்துபோகும். அந்த வரியை எடுத்துவிட்டு ஜாயின் எழுதினேன். அன்றிரவு கோப்பு கடைசி வரிவரை வந்தது. சுமை இல்லாத இரவுகளில் வேலை மூன்றே வினாடியில் முடிந்தது.