சிலப்பதிகாரத்தில் குடிபெயர்வும் சான்றின்மையும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஊழ்வினை வழியாகவும் அரசநீதி வழியாகவும் விளக்கும் ஆய்வுகள் பல. கோவலனும் கண்ணகியும் சோழநாட்டை நீங்கிப் பாண்டியநாட்டில் குடியேற வந்தவர்கள் என்னும் நிலையோ அவற்றில் பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. வேற்றுநாட்டில் இல்லறம் தொடங்குவோர்க்கு வழிநடைத் துன்பத்தினும் பெரிய இடர், தம்மை இன்னார் என அறிந்து சொல்வார் இல்லாமையே என்பதைக் காப்பியம் காட்டும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

புகாரை நீங்குதல்

இருவரும் பெற்றோர்க்கு உரைக்காமல் விடியுமுன் புறப்படுகின்றனர். சிலம்பே முதல், அதனை விற்று வாணிகம் செய்து இழந்த பொருளை ஈட்டுவதே கோவலனின் எண்ணம். மறைவாகப் புறப்பட்டதால் மாசாத்துவானின் மகன் என்னும் அடையாளம் அவனோடு பயணப்படவில்லை. இடைவழியில் மாதவியின் ஓலையையே தன் பெற்றோர்க்கும் பொருந்துவதெனக் கொண்டு கோசிகனிடம் அளித்தனுப்புகிறான். புகாருக்குச் செய்தி செல்கிறது. புகாரிலிருந்து மதுரைக்கு அவனைப் பற்றிய செய்தி எதுவும் வருவதில்லை.

மதுரையில் நிகழாத அறிமுகம்

ஊர்காண் காதையில், மதுரை வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறியே கோவலன் நகருக்குள் செல்கிறான். கணிகையர் வீதி, மணிக்கடை, பொற்கடை, அறுவைக் கடை, கூலக்கடை எனக் காதை விரிகிறது; ஆனால் வணிகர் எவரையும் அவன் கண்டு பேசியதாக ஒரு குறிப்பும் இல்லை. திரும்பியவன் கவுந்தியிடம் புகழ்வது நகரின் சிறப்பையும் பாண்டியனின் கொற்றத்தையுமே. அடைக்கலக் காதையில் மாடலனும் கவுந்தியும் வணிகர் அவனை ஏற்பர் என்று கூறிப் பொழுது சாயுமுன் நகருக்குள் செல்லத் தூண்டுகின்றனர். அதுவும் நிகழவில்லை.

தங்குமிடத்துக்கு மட்டும் சான்று கிடைக்கிறது. கவுந்தியின் சொல்லை நம்பி மாதரி சிற்றில்லமும் புதுக்கலங்களும் அளிக்கிறாள். அச்சொல்லின் செல்வாக்கு ஆயர்பாடியோடு முடிகிறது. கோவலனை நன்கறிந்த மாடலனோ குமரியாடி மீளும் வழிப்போக்கன். ஆகவே உறைவிடம் வாய்த்த இல்லறத்துக்குக் கடைவீதியில் துணை வாய்க்கவில்லை.

ஒற்றைச் சிலம்பு

இந்நிலையில் கோவலன் ஒரு சிலம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வீதியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் விலை கேட்கிறான். உரியவரை அறிந்தோர் நடுவே அது முதல். அறியாதோர் நடுவே களவுப்பொருள் என ஐயுறத்தக்கது. தன் களவை மறைக்கக் கருதும் பொற்கொல்லன், கோவலனைப் புலம்பெயர்ந்து வந்த புதியவன் என்றே தன் மனத்துள் குறிக்கிறான். அவனைத் தேர்வதற்கு அப்புதுமையே போதுமானதாகிறது. கொலைக்களத்திலும் கோவலனுக்குச் சார்பாக நிற்பது அவன் தோற்றம் ஒன்றே. அவன் கொலைக்குரியவன் அல்லன் என்று காவலர் கூறுவதும் அத்தோற்றம் கண்டே.

வழக்குரை காதையில் கண்ணகி இக்குறையையே நிறைவு செய்கிறாள். சோழர் மரபின் நீதி, புகார் நகர், மாசாத்துவானின் குடி என வரிசைப்படுத்திய பின்னரே கணவனின் பெயரைச் சொல்கிறாள். கோவலன் மதுரை வணிகரிடம் செய்துகொள்ள வேண்டியிருந்த அறிமுகம், அவன் இறந்தபின் அரசவையில் நிகழ்கிறது. அதன்பின் சிலம்பின் உட்பரல் முத்தன்று, மணி எனத் தெளிவாகிறது. கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்ட அச்சிலம்பே சான்றாகிறது.

முடிவுரை

இவ்வாசிப்பு ஊழ்வினை விளக்கத்தை மறுப்பதன்று. ஊழ் ஏன் உருத்தது என்பதைக் காப்பியம் முற்பிறப்பின் வழி கூறுகிறது. எவ்வழி உருத்தது என்பதற்கு விடை குடிபெயர்ந்தோரின் சான்றின்மையில் உள்ளது. பாண்டியனின் பிழையும் இதனால் கூர்மையடைகிறது. தன் நாட்டுப் பொற்கொல்லனின் சொல்லை உசாவாமல் ஏற்ற மன்னன், வேற்றுநாட்டானிடம் ஒரு வினாவும் எழுப்பவில்லை. சான்று கூறுவார் இல்லாதவனுக்கும் வினவிக் கேட்கும் நீதி உண்டா என்பதே மதுரைக் காண்டம் எழுப்பும் வினா. புலம்பெயர்வு இலக்கிய ஆய்வுகள் தம் தொடக்கத்தைத் தேடும்போது மதுரைக் காண்டத்தை விலக்கிச் செல்ல இயலாது.