அனுமன் தாவிய வேகம்

வானில் விரைந்து பறக்கும் வீரர் கதைகள் நம் இல்லத்துச் சிறுவர்க்குப் புதியன அல்ல. அத்தகைய கற்பனையை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

மனிதன் பறத்தல் இயலாது என்று நூலை மூடிவிடுதல் திறனாய்வு ஆகாது. இயலாத ஒன்றைக் கதை நம்மிடம் கேட்டுப் பெறலாம்; பெற்றபின் அதன் விளைவை மறைத்தலாகாது. 1938இல் தோன்றிய சூப்பர்மேன் முதலிற் பறந்தானல்லன், தாவினான். தாவுவோன் நிலத்தை உதைக்கின்றான். நிலம் அவனை எதிர் உந்துகின்றது. பின்னர் அவன் பறக்கத் தொடங்கியபோது, எதனை உந்தி முன்செல்கின்றான் என்னும் வினா விடையின்றி நின்றது. வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்மடங்காகும் என்பதும் அக்கதைகளில் மறக்கப்பெற்றது.

வீழ்வாரை வீரன் கையில் ஏந்தும் காட்சியும் அத்தகையதே. 30 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்பவர் மணிக்கு ஏறத்தாழ 87 கிலோமீட்டர் வேகம் எய்துவர். அவரை 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அவர் எடையைப்போல் நூறு மடங்கு விசை அவ்வுடலைத் தாக்கும். ஏந்திய கைக்கும் கல்தரைக்கும் வேற்றுமை சிறிதே! 1973இல் வந்த ஸ்பைடர்மேன் கதையொன்று இவ்வுண்மையை மறைக்கவில்லை. வீரன் வலைவீசித் தடுத்தும் அவன் காதலி இறந்துபடுகின்றாள். அக்கதை இன்றும் நினைக்கப்படுவதற்கு அந்நேர்மையும் ஒரு காரணம் என்க.

இனிக் கம்பரின் சுந்தர காண்டத்தை நோக்குவோம். அனுமன் காலூன்றிய மயேந்திர மலை நெரிகின்றது. அவன் எழுந்தவுடன் மரமும் குன்றும் வேழமும் அவன் பின்னே வானில் ஈர்க்கப்பெறுகின்றன; இலங்கைவரை செல்லும் விசை இன்மையாற் கடலில் வீழ்கின்றன. அவன் பவளமலையிற் குதித்தபோது இலங்கை, புயலில் அகப்பட்ட கலம்போல் அங்குமிங்கும் தள்ளாடுகின்றது. உதைப்பு, இழுப்பு, மோதல் ஆகிய மூன்றற்கும் கவிஞர் கணக்குக் கொடுத்துவிட்டார்.

இதனாற் கம்பர் நியூட்டனுக்கு முன்னரே இயக்க விதிகளைக் கண்டறிந்தார் என்று மேடையில் முழங்குதல் தகுமோ? தகாது. 1687இல் நியூட்டன் வெளியிட்டவை அளவையாற் பெற்ற விதிகள். கம்பர் தந்தது கூர்ந்து கண்ட காட்சி. யானை வானேறுவது உயர்வு நவிற்சியே. இல்லாத பெருமையை ஏற்றினால், நாளை பள்ளியிற் பௌதிகம் பயிலும் நம் மக்கள் அதனைப் பொய்யென்று தள்ளுவர்; அதனோடு கம்பரையும் தள்ளுவர். அயல்மொழிச் சூழலில் வாழும் நமக்கு அவ்விழப்பு சிறிதன்று.

சக்குபள்ளத்து ஏலத்தோட்டச் சாலையில் ஜீப் விரைந்து செல்லுங்கால், உதிர்ந்த சருகுகள் அதன்பின் சிறிது தூரம் ஓடி, வேகம் குன்றி வீழ்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கம்பர் கண்டதும் அதுவே. அதனை நம் மக்களுக்குக் காட்டிவிட்டுப் பின்னர் அப்பாடலைப் படித்துக் காட்டுவோமாக!